சாகச வீடியோவுக்கு ஸ்டிக்கர் ஒட்டப்போன கதை

பத்து பெரண்டாம்,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய வெரோனிக்கா அக்காவின் சமூகத்துக்கு,

தம்பி ரெஜினால்ட் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இயேசுவுக்கே புகழ். இங்கே நானும் பாட்ரீசியாவும் மகள் பமேலாவும் நலம். நலம் என்றதில் என் வலது மணிக்கட்டை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டாம். அதற்கு மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். இந்தக் கோணல் எழுத்தெல்லாம் இடது கையின் உபயம், மூன்று நாளாக எழுதுகிறேன். ஜாசினில் நீங்களும் செபாஸ்டியன் அத்தானும் நலமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுச் சுவர் மெல்லிசு, பாட்ரீசியாவின் காது கூர்மை. அவளிடம் நான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லோங்காங் சாக்கடையில் அடைத்திருந்த குப்பையை வாரும்போது வழுக்கிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீங்கள் கூப்பிட்டு, "ரெஜி, மறைக்கல்விக்கு வர்ற பிள்ளைங்களோட அம்மாமாரு என்னைப் போட்டுக் குடையறாங்கடா. இந்த ஸ்டண்ட் வீடியோ எல்லாம் பிள்ளைங்க பாக்கலாமா கூடாதான்னு கேக்குறாங்க. எனக்கு என்னா தெரியும்? நீதான் ஃபேக்டரியில இருபது வருஷமா செக் பண்ற ஆளு. ஒரு பக்கம் எழுதிக் குடு, ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் வாசிச்சிடறேன்" என்றீர்கள். அன்றைக்கு நான் எவ்வளவு பூரித்துப்போனேன் தெரியுமா? இருபது வருடமாகப் பூதக்கண்ணாடிக்கு அடியில் கம்ப்யூட்டர் சில்லுகளைப் பார்த்து, நல்லதுக்குப் பச்சை ஸ்டிக்கர், கெட்டதுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் நான். என் கண்ணுக்கும் சபையில் ஒரு மரியாதை வந்துவிட்டதே என்று மறுநாளே ஃபேக்டரி பாணியில் ஒரு படிவம் தயாரித்தேன். உயரம் எத்தனை அடி, வேகம் எவ்வளவு, ரத்தம் உண்டா, உடுப்பு ஒழுங்கா, கடைசியில் பச்சையா சிவப்பா. அவ்வளவுதான். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன்.

மாதிரிக்கு ஒரு வீடியோ வேண்டுமே என்று பமேலாவின் ஹேண்ட்போனை எடுத்துப் பார்த்ததில்தான் வந்தது வினை. அவள் பார்த்தவற்றின் பட்டியலில் ஒரே வீடியோ, நாள் தவறாமல், பதினொரு நாளாக இருந்தது. பதினொரு வயதுப் பிள்ளை அக்கா, பதினொரு நாளாக ஒரே வீடியோ! அதைத் தட்டினேன். ஒரு பெண். இரண்டு உயரமான கட்டடங்களின் மொட்டை மாடிகளுக்கு நடுவே ஒரு பலகை. அந்தப் பலகையில் அவள் ஒற்றைச் சக்கர சைக்கிளில் வருகிறாள். கீழே ஓடும் பஸ்கள் நான் ஃபேக்டரியில் பார்க்கும் சில்லு அளவுதான் இருக்கின்றன. சத்தியமாகச் சொல்கிறேன், என் நாற்பத்தாறு வயதில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. பாதிப் பலகையில் நின்றாள். நின்று, ஒரு கையைத் தூக்கி, முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். நம் வீட்டுக் கண்ணாடிமுன் பாட்ரீசியா ஒதுக்குவதுபோல, அவ்வளவு சாவகாசமாக! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனிதப் பிறவியால் இதெல்லாம் முடியுமா? கடவுள் இந்த உடம்புக்குள் இவ்வளவு வைத்திருக்கிறாரா, நான் அதை ஸ்டூலில் உட்கார வைத்தே தேய்த்துவிட்டேனா என்றெல்லாம் யோசனை ஓடியது. இன்னொரு முறை பார்த்தேன். பிறகு அவளுடைய மற்ற வீடியோக்கள். பிறகு அருவியின் உச்சியிலிருந்து குதிக்கும் ஒருவன், லாரிக்கு லாரி தாவும் அண்ணன் தம்பி இருவர். அடுப்பில் சோறு தீய்ந்தது. பாட்ரீசியா வந்து படிவத்தை எடுத்துப் பார்த்தாள். உயரம் என்ற இடத்தில் நான் "ஆண்டவரே" என்று எழுதியிருந்தேன்.

பிரமிப்பு தணிந்ததும் பயம் வந்தது. ஏனென்றால் முந்தின நாள்தான் பமேலா என்னிடம், "அப்பா, பின்னாடி லோங்காங் மேல கெடக்குதே, அந்தப் பலகை எத்தன அடி இருக்கும்?" என்று கேட்டிருந்தாள். அடுத்த வீட்டுப் பரமேஸ்வரன், எதிர்க்கரையில் உள்ள தன் வாழைகளுக்குப் போய்வரப் போட்டு வைத்த பலகை அது. கீழே ஆள் ஆழம். சிமெண்டு. மழை பெய்தால் தண்ணீர் எப்படி இழுக்கும் என்று உங்களுக்கே தெரியும். என் ஒரே மகள் சைக்கிளோடு அதில் ஏறப்போகிறாள் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேரே கேட்டால், "இல்லைலா அப்பா" என்கிறாள், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஹேண்ட்போனைப் பிடுங்கிவிடலாம், ஆனால் பலகை அங்கேயேதானே கிடக்கும்?

இங்கேதான் என் தொழில்புத்தி என்னைக் கவிழ்த்தது. எங்கள் பிரிவில் ஒரு சட்டம் உண்டு: மாதிரி ஒன்றைக் கீழே போட்டுப் பார்க்காமல் எந்தப் பொருளுக்கும் கையெழுத்துப் போடக்கூடாது. இருபது வருடத்தில் நான் அதை மீறியதே இல்லை. ஆகவே அந்தப் பலகை எவ்வளவு ஆபத்து என்று அக்காவுக்கு எழுதித் தருவதற்கு முன்னால் நானே சோதிப்பதுதானே முறை என்று, போன சனிக்கிழமை காலையில், பாட்ரீசியா புக்கிட் ரம்பாய்க்கு வேலைக்குப் போன பிறகு, பமேலாவின் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். இளஞ்சிவப்பு சைக்கிள், முன்னால் பூப்போட்ட கூடை. நான் எண்பத்திரண்டு கிலோ. உண்மையை மறைப்பானேன், சோதனை என்பது பாதிதான். மீதிப் பாதி, அந்தப் பெண் முடி ஒதுக்கிய அழகு என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. பரமேஸ்வரன் வாழைக்கு அருகில் நின்றுகொண்டு, "என்னா ரெஜி, எங்கலா கெளம்பிட்ட?" என்றார். "செக்கிங்" என்றேன். அவர் வீட்டு மதில்மேல் ஒரு ஹேண்ட்போன் பூச்சட்டியில் சாய்ந்து நின்றது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

பாதிப் பலகை வரைக்கும் போனேன் அக்கா. போனேன்! இரண்டு வினாடி நானும் அவளும் ஒரே ஜாதி. அந்த இரண்டு வினாடியில் காற்று வேறு மாதிரி இருந்தது, வாழையிலை வேறு மாதிரி ஆடியது. அதோடு விட்டிருக்கலாம். முடியை ஒதுக்கலாம் என்று கையைத் தூக்கினேன். எனக்கு முன்பக்கம் முடி கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பிறகு வானம் தெரிந்தது, சிமெண்டு தெரிந்தது, முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. அங்கே குடியிருந்த உடும்பு ஒன்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இடத்தைக் காலி செய்தது. பரமேஸ்வரன், "ஐயோ ஐயோ" என்று கத்திக்கொண்டே ஏணி எடுக்க ஓடினார்.

சத்தம் கேட்டு பமேலா ஓடிவந்தாள். பின்னாலேயே பரமேஸ்வரனின் மகள் திவ்யதர்ஷினி, இவளோடு படிக்கிற பிள்ளை. மேலே நின்று என்னையும் என் கையையும் பார்த்த திவ்யதர்ஷினி வெளிறிப்போய், "நான் ஏறலைலா பமேலா, எனக்கு வேணாம்லா" என்று அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் விஷயமே வெளியே வந்தது. பலகையில் ஏறப்போனது என் மகள் இல்லை. அன்று சாயங்காலம் சைக்கிளில் ஏறி, படம் பிடித்து, எல்லோருக்கும் அனுப்பப்போகிறேன் என்று பள்ளிக்கூடத்தில் சவால் விட்டவள் திவ்யதர்ஷினி. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பமேலாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பரமேஸ்வரன் மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு பலகையைத் தூக்கிப் போய் ரம்பத்தால் மூன்று துண்டாக அறுத்தார். என்னைத் தூக்க அதற்குப் பிறகுதான் வந்தார்.

கிளினிக்கில் காத்திருந்தபோது பமேலாவிடம், "அப்பறம் நீ ஏன்மா பதினொரு நாளா அதையே பாத்த?" என்று கேட்டேன். "ஆபத்துன்னு சொன்னா திவ்யா கேக்க மாட்டாப்பா. அந்த வீடியோ அக்கா கயிறு கட்டியிருக்காங்கன்னு காட்டுனா கேப்பா. அதான் தேடுனேன்." ஹேண்ட்போனை எடுத்து ஓர் இடத்தில் நிறுத்திக் காட்டினாள். சுவரில் விழுந்த நிழலில், அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்து மயிரிழையாக ஒரு கோடு மேலே போகிறது. கண் சிமிட்டும் நேரம்தான். பலகைக்கு இரண்டு மாடி கீழே விரித்திருந்த வலையின் ஒரு மூலையையும் காட்டினாள். "இந்த எடத்துல வெட்டிட்டாங்கப்பா, பாருங்க, சூரியன் மாறிடுச்சி. விழுந்ததையெல்லாம் எடுத்துட்டாங்க. நீங்க வலையத் தேடவே இல்லையா?" இருபது வருடம் பூதக்கண்ணாடி பிடித்த நான் அதையெல்லாம் பார்க்கவில்லை அக்கா. மொட்டை மாடியில் சைக்கிள் விட்டவளைப் பார்த்து வாய் பிளந்தேன். ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்த என் மகளை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன். இவ்வளவு நாள் இப்படி ஒரு கண் என் வீட்டிலேயே இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

ஆகவே என் படிவத்தைக் கிழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெற்றோரிடம் இதை மட்டும் வாசியுங்கள். பிள்ளையோடு பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வலை எங்கே, கயிறு எங்கே, எதை வெட்டியிருக்கிறார்கள் என்று பிள்ளையையே தேடச் சொல்லுங்கள். விழுந்தால் வலிக்கும் என்று அந்த வீடியோ ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். நீயும் செய், செய்து அனுப்பு என்று தூண்டுகிறதா என்று கட்டாயம் பாருங்கள், தூண்டினால் யோசிக்காமல் சிவப்பு. யாராவது சவால் விட்டால் சத்தியத்தை உடைத்தாவது பெரியவர்களிடம் சொல்லலாம் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இதை நான் சொல்லாததால் பமேலா பதினொரு நாள் தனியாகச் சுமந்தாள். இதையெல்லாம் எனக்குத் தெரிந்த ஒரு பொறுப்புள்ள தகப்பன் ஆராய்ந்து எழுதியதாகச் சொல்லுங்கள், பெயரோ லோங்காங்கோ வேண்டாம். நான் விழுந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் பரமேஸ்வரனும் இரண்டு பிள்ளைகளும் உடும்பும்தான், நால்வரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

அத்தானுக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் வலிக்கு மாதா சுகம் தரட்டும், உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் கை கால்களை எல்லாம் காவல்தூதர்கள் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
இடது கையால் வணங்கும் தம்பி,
ரெஜினால்ட்.

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதிய எதையும் பெற்றோரிடம் வாசிக்க வேண்டாம். மதில்மேல் இருந்த ஹேண்ட்போனை யாரும் மறந்து வைக்கவில்லை. சாயங்காலச் சாகசத்துக்கு எந்த இடத்திலிருந்து எடுத்தால் படம் நன்றாக விழும் என்று திவ்யதர்ஷினி காலையிலேயே ஓடவிட்டுப் பார்த்திருக்கிறாள். அதில் நான் முழுசாக விழுந்திருக்கிறேன். பாட்ரீசியா இதுவரை ஏழு முறை பார்த்துவிட்டாள், குப்பை வாரிய கதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பமேலா என் கிழிந்த படிவத்தை ஒட்டி, பின்பக்கம் தன் கையால் நிரப்பியிருக்கிறாள்: "கயிறு இல்லை. வலை இல்லை. எதையும் வெட்டவில்லை. விழுந்தது முழுசாகத் தெரிகிறது. வலி தெரிகிறது. பார்த்த பிள்ளை யாருக்கும் செய்து பார்க்க ஆசை வராது. எல்லா வயதினருக்கும் ஏற்றது." ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்த வீடியோவைப் போட்டுக்காட்டச் சொல்லி அவளே உங்களுக்கு அனுப்புவாள், நாற்பது வினாடிதான். என் மாவுக்கட்டின்மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது.