மஞ்சள் நூல் சுற்றிய வயர்

அகல்யாவின் மடிக்கணினியில் சார்ஜ் ஏறியது. மானிட்டரில் படம் ஏறவில்லை. இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரே வயர்தான். மானிட்டரிலிருந்து மின்சாரம் வருகிற வழியில் படம் மட்டும் ஏன் போக மறுக்கிறது? கழற்றிச் செருகினாள். திருப்பிச் செருகினாள். ஊதியும் செருகினாள். ‘சிக்னல் இல்லை’ என்று கறுப்புத் திரை சொன்னதையே சொன்னது.

நசரத்பேட்டையின் அந்த அடுக்குமாடியில் வீட்டுக்கு ஒரு இன்ஜினியராவது உண்டு. ஆனாலும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் உரிமை திரைச்சித்தர் அழகேசனுக்கு மட்டுமே. கழுத்தில் ருத்திராட்சம், அதன் நுனியில் ஒரு பென்டிரைவ். அவர் வருகிறார் என்றால் லிஃப்ட் கொள்ளாது. அலுவலகத்தில் ஆயிரம் வரி நிரலில் ஒரு புள்ளி தவறினாலும் பிடித்துவிடுகிறவர்கள், இவர் எதிரில் கை கட்டி நிற்பார்கள்.

அவருடைய சேவை இரண்டு தவணை. மானிட்டர் வந்த அன்றே முதல் தவணை: கற்பூரம் காட்டுவார். “அட்டப்பொட்டி வந்த வழியெல்லாம் கண்ணு பட்டுக்கீது. உள்ள வெச்சா ஊடு தாங்காது” என்று சொல்லி, தெர்மோகோலோடு பெட்டியை ஏரியில் விட எடுத்துப் போய்விடுவார். படம் வரவில்லை என்று கூப்பிட்டதும் இரண்டாம் தவணை: மஞ்சள் நூல் சுற்றி உருவேற்றிய வயரோடு வருவார். செருகுவார். படம் வரும். தட்சணையும் வரும்.

அகல்யாவின் பெட்டி போன வாரமே ஏரிக்குப் போயிருந்தது. இப்போது இரண்டாம் தவணை. வீட்டுக்காரம்மா பஞ்சவர்ணமும் மாடிக்காரர்களும் அறையை நிறைத்து நின்றார்கள்.

அறைத்தோழி நிஷா மட்டும் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டாள்: “சாமி, மந்திரம் டைப்-சி வயருக்கா, எச்டிஎம்ஐ வயருக்கா?”

சித்தரின் முகம் சுருங்கியது. “இந்தப் பொண்ணு இன்னா நட்சத்திரம்?”

“மூலம்” என்றாள் அகல்யா, அப்பாவியாக.

“அதான். பொண்ணு மூலம் நிர்மூலம். இந்த ஊட்ல வெளிச்சம் எப்டி நிக்கும்?” மஞ்சள் வயரைச் செருகினார். திரை பளிச்சென்று எரிந்தது. கைகள் குவிந்தன. “இதுவும் ஒரு வாரந்தான் தாங்கும். அதுக்குள்ள அந்தப் பொண்ணு கெளம்பணும்.”

பஞ்சவர்ணம் நிஷாவைப் பார்த்தாள். “ஞாயித்துக்கெழம ரூமைக் காலி பண்ணிடும்மா. தப்பா நெனச்சிக்காத.”

நிஷாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. அங்கே உதிரிபாகம் கோணலாக வந்தால் யாரும் ஜாதகம் கேட்பதில்லை. ஒன்றை மட்டும் மாற்றுவார்கள், மற்றதை அப்படியே விடுவார்கள், என்ன ஆகிறதென்று பார்ப்பார்கள்.

“போறேன்க்கா” என்றாள். “போறதுக்கு முன்னாடி ஒண்ணு. சாமி, சக்தி நூல்லதானே இருக்கு?”

“பின்ன, வயர்லயா கீது?”

“அப்ப நூலைப் பிரிச்சு அகல்யாவோட வயர்ல சுத்துவோம்.”

“தொட்டா சக்தி ஓடிடும்.”

“எங்க ஓடும்? நூலோடதானே வரும்.”

பஞ்சவர்ணம் யோசித்தாள். “சுத்தித்தான் பாக்கலாமே சாமி. மூலத்தையே ஓட வெக்கிறே, ஒரு நூலு இன்னா பண்ணிடும்?”

நிஷா நூலை அகல்யாவின் வயரில் அழகாகச் சுற்றிச் செருகினாள். ‘சிக்னல் இல்லை.’

சித்தரின் வயரை நூலில்லாமல் செருகினாள். படம் வந்தது. மானிட்டரின் தோளில் கை போட்டு நின்றாள். “மூலம் பக்கத்துலயேதான் நிக்குது. வெளிச்சம் போகலையே?”

அகல்யா குனிந்து, வெற்று வயரில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த கம்பெனிப் பெயரைப் படித்தாள். மானிட்டரின் நெற்றியிலும் அதே பெயர்.

“இது மானிட்டரோட வந்த வயர்” என்றாள். “பெட்டிக்குள்ளயே இருந்திருக்கு. போன் சார்ஜர் வயர் பொருந்திடுச்சேன்னு நான் தெர்மோகோலைத் தூக்கியே பாக்கலை.”

பஞ்சவர்ணத்தின் குரல் தணிந்தது. “அப்ப ஏரில இன்னாத்த உட்ட, நைனா?”

மாடிக்காரர் ஜெகதீஷ் தன் வீட்டுக்கு ஓடினார். அவருடைய மஞ்சள் நூலுக்கு அடியிலும் அவருடைய மானிட்டரின் பெயரே இருந்தது. சொந்த வயரையே தட்சணை கொடுத்து வாங்கி, வெள்ளிக்கிழமைதோறும் அதற்குக் குங்குமமும் வைத்திருந்தார்.

“அண்ணாத்தே, உனக்கு இன்னா நட்சத்திரம்?” என்று கேட்டபடி அவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது சித்தர் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை.

“நீ இங்கியே இரும்மா” என்றாள் பஞ்சவர்ணம். நிஷா தலையணையைச் சரிசெய்து சாய்ந்துகொண்டாள்.

இதில் மாயம் துளியும் இல்லை. போனுக்குச் சார்ஜ் ஏற்றும் சாதாரண வயருக்குள் மின்சாரம் போக இழை உண்டு. கொஞ்சம் தகவல் போகவும் உண்டு. படம் அதிவேகமாகப் பாய்கிற தகவல். அதற்குத் தனி இழைகள் வேண்டும். அவை அதில் இல்லை. வெளியே வாய் ஒன்றுதான், வயிறுதான் வேறு. அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். இன்ஜினியர்கள் நிறைந்த அந்த மாடியில் கேட்கத்தான் ஆளில்லை.

அறிவும் உங்களோடு பெட்டியிலேயே வந்த பொருள்தான். பிரித்துப் பார்க்காமல் பெட்டியோடு தூக்கிக் கொடுத்தால், நூல் சுற்றி உங்களுக்கே விற்பார்கள்.

சார்ஜ் ஏறுகிறது, படம் வரவில்லையா? போன் வயரைக் கழற்றுங்கள். மானிட்டரோடு வந்த வயரைச் செருகுங்கள். படம் வரும்.