சுளுக்கக்காவின் ஆயிரத்து நானூறு சொந்தங்கள்

உரிமம் பெறாதவர் பிறர் உடம்பைத் தொட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டது. நல்ல சட்டம்தான். பொதுமக்களின் நலன் கருதி, அதைப் பொதுமக்கள் யாருக்கும் புரியாத தமிழில் அச்சடித்து, சுளுக்கக்காவின் கதவில் ஒட்டிவிட்டுப் போனார் சுகாதார ஆய்வாளர்.

சுளுக்கக்கா இருபது வருஷமாகச் சுளுக்கு எடுக்கிறாள். வேறு ஒன்றும் தெரியாது. காய்ச்சல் என்று வந்தால் டாக்டரிடம் விரட்டிவிடுவாள். சுளுக்கு என்றால் டாக்டரே அவளிடம் அனுப்பிவிடுவார். அந்தக் கையைக் கட்டிப்போட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. நேராக ஆபீசுக்குப் போனாள்.

"நான் இனிமே என்னதான் சார் பண்றது?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. விதி நாலுல ஒரு விலக்கு இருக்கு. சொந்தக் குடும்பத்துக்கு மட்டும் பார்க்கலாம்."

பின்னால் கழுத்துப் பிடித்துக்கொண்டு நின்ற பஸ் டிரைவர் முழு உடம்போடு திரும்பினார். "அப்ப நான் அக்காவோட தம்பி. எழுதிக்குங்க."

"நீங்க அவங்களைவிடப் பத்து வயசு பெரியவர்யா!"

"சரி, அண்ணன். அதுவா இப்ப முக்கியம்? பதினோரு மணி வண்டியை நான்தான் எடுக்கணும். வலது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரிய மாட்டேங்குது!"

ஆய்வாளர் யோசித்தார். உறவு பொய் என்று சொல்ல அவரிடம் படிவம் இல்லை. உண்மை என்று சான்றளிக்கப் படிவம் இருந்தது. எனவே உண்மைதான். முத்திரை விழுந்தது.

மூன்றே மாசத்தில் ஊரில் ஆயிரத்து நானூறு பேர் சுளுக்கக்காவின் சொந்தம். பேங்க் மேனேஜர் மாமனாருக்குக் குறைந்து எதற்கும் சம்மதிக்கவில்லை. தலைமையாசிரியை நாத்தனார். அறுபத்து நாலு வயசு பேக்கரிக்காரர், மற்ற இடமெல்லாம் நிரம்பிவிட்டதால், பேரன். இடுப்புப் பிடித்த டாக்டரும் குனிந்த வாக்கிலேயே வந்து சித்தப்பா ஆனார்.

அங்கேதான் வினை. டாக்டர் தன் சொந்தக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்றது விதி ஒன்பது. ஊரில் அவருக்கு அந்நியர் என்று ஒருத்தர்கூட மிச்சமில்லை. காய்ச்சல்காரர்கள் சுளுக்கக்காவின் வாசலில் வந்து படுத்தார்கள்.

"எனக்குக் காய்ச்சலைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதுடா!"

"அதனால என்ன அத்தை? உங்களுக்குத்தான் விலக்கு இருக்கே."

பயந்துபோனாள். சொந்தங்கள் அத்தனை பேரையும் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள். "சார், இந்த உறவையெல்லாம் வெட்டிவிடுங்க. எவனாவது செத்துத் தொலைக்கப் போறான்!"

"தாராளமா வெட்டலாம். ஆனா படிவத்துல ஒரே ஒரு காரணம்தான் அச்சாகியிருக்கு. 'தீராத குடும்பச் சண்டை.' சண்டையை நான் கண்ணால பார்க்கணும்."

முதலில் கூச்சப்பட்டு, "நீங்க ஒரு முட்டாளுங்க" என்று மரியாதையாகத் திட்டிக்கொண்டார்கள்.

"போதாது" என்றார் ஆய்வாளர்.

பேக்கரிக்காரர் பேங்க் மேனேஜரை லேசாகத் தள்ளினார். அதற்கப்புறம் யாரும் நடிக்கவில்லை. மூணு மாசம் சொந்தக்காரர்களாக இருந்தவர்களுக்குச் சண்டைக்கா பஞ்சம்? தெரு முழுக்க உருண்டார்கள். ஆய்வாளர் ஒவ்வொருத்தராகப் பார்த்து முத்திரை குத்தினார். சாயங்காலத்துக்குள் ஊரே சட்டப்படி அந்நியமாகிவிட்டது. காய்ச்சல்காரர்கள் டாக்டரிடம் போனார்கள். மீதி அத்தனை பேருக்கும் சுளுக்கு.

"போதும், நிறுத்துங்கய்யா!" என்று கத்திய ஆய்வாளருக்குத் தாடை நழுவி, வாய் திறந்தது திறந்தபடியே நின்றுவிட்டது.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "இது அவங்க வேலை" என்று ஒதுங்கிக்கொண்டார்.

சுளுக்கக்காவின் கை தானாகப் போனது. ஒரு சாண் தூரத்தில் நின்றது. "சார் எனக்கு என்ன வேணும்?"

ஆய்வாளர் அவசரமாகப் படிவத்தை எடுத்து 'மகன்' என்று எழுதினார். கையெழுத்துப் போடப் போனவர், பேனாவை வைத்துவிட்டு, ஆபீஸ் சுவரில் தொங்கிய விதி பதினொன்றைத் தானே விரலால் காட்டினார். உடல்நலம் குன்றிய அதிகாரி எந்தப் படிவத்திலும் கையெழுத்திடலாகாது.

"அப்ப மேலிடத்துக்கு எழுதிப் போடுங்க சார்" என்றாள் சுளுக்கக்கா, கையைக் கட்டிக்கொண்டு. "பதில் வர்ற வரைக்கும் வாயை மூடாம இருங்க."

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அதில் இன்னும் முப்பது பேருக்கு விலாப் பிடித்துக்கொண்டது. அவர்களும் போய், ஆய்வாளருக்குப் பின்னால் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள்.