நாப்பதின் முப்பத்தொன்பதாம் நாள்

இயேசுநாதர் நாற்பது நாளில் முடித்த தவத்தை முடிக்க எட்டு மாதம் எடுத்துக்கொண்ட ஒரே கிறிஸ்தவப் பிள்ளை, என் அறிவுக்கு எட்டியவரை, பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில்தான் இருந்தாள். பதினாறு வயது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் நல்ல நீளம். தெருவில் ஒருவருக்கும் அது தேவைப்படவில்லை. எல்லோருக்கும் அவள் 'நாப்பது'.

நான் அப்போது அங்கே ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தேன். கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் நாப்பதும் அவள் தாயும் குடியிருந்தார்கள். தவக்காலம் தொடங்கியபோது கோயிலில் பிள்ளைகளை ஆளுக்கு ஒன்றை விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் சொக்லேட்டை விட்டார்கள்.

"எனக்குச் சொக்லேட் பிடிக்காது, மாமா. பிடிக்காததை விட்டிட்டு ஆண்டவரிட்டைப் பேர் வாங்கிறது கள்ளம்," என்றாள் என்னிடம். "நான் ஒண்டையும் விடேல்லை. செய்யப்போறன். ஒரு நாளைக்கு ஒரு சவால். சின்னதாத்தான். நாப்பது நாள்."

"தவறினா?"

"திரும்ப முதலாம் நாள்."

இந்தக் கடைசிச் சட்டம் கோயில் போட்டதல்ல, வேதாகமத்திலும் இல்லை. தானே போட்டு, தானே தலையைக் கொடுத்தாள்.

அன்றைய சவாலை இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு காலையில் இறங்கி வருவாள். 'இன்று முறைப்பாடு இல்லை' என்று எழுதிய நாளில் மழை கொட்டித் தீர்த்தது. குடையை மெட்ரோவில் விட்டுவிட்டு, சப்பாத்து சளக் சளக்கென்று, பல் கிடுகிடுக்க வந்து நின்றவள், "அருமையான மழை, மாமா," என்றாள்.

'தெரியாதவர்களின் பெயர் கேட்டு வணக்கம் சொல்' என்ற நாளில், மெட்ரோ இரண்டாம் லைனில் டிக்கெட் பரிசோதகரிடமே போய்ப் பெயர் கேட்டிருக்கிறாள். மனிதர், பிள்ளை தன்மேல் புகார்ப் பெட்டிசம் எழுதப்போகிறது என்று பயந்து அடுத்த பெட்டிக்கு நழுவினார். இவள் விட்டால்தானே! இரண்டு பெட்டி துரத்திப்போய், பெயரையும் வாங்கி, அவர் பார்க்க மறந்த தன் பாஸையும் காட்டிவிட்டுத்தான் இறங்கினாள்.

பதினேழாம் நாள் வந்தது வினை. 'அம்மாவோடு நாள் முழுக்கத் தமிழ்.' இங்கே பிறந்த பிள்ளைகளிடம் தாய் தமிழில் கேட்டால் பதில் பிரெஞ்சில்தான் வரும். நாப்பது பின்னேரம் ஆறு மணிவரை தாக்குப்பிடித்தாள். ஆறு ஐந்துக்குக் குக்கர் மூடி கால் பெருவிரலில் விழுந்தது. அப்போது அவள் வாயில் வந்தது தமிழ்ச் சொல் இல்லை. கோயிலில் சொல்லக்கூடிய சொல்லும் இல்லை.

"கால் வீங்கிக் கிடக்கு, அண்ணை. இந்தச் சவாலையெல்லாம் விடு எண்டு நீங்களாவது சொல்லுங்கோ," என்று தாய் என்னிடம் ஓடி வந்தார். பின்னாலேயே மகள் நொண்டிக்கொண்டு வந்தாள். "நாளைக்கு முதலாம் நாள், மாமா," என்றாள், ஏதோ பரிசு விழுந்தவளைப் போல.

'ஒருவரையும் காத்திருக்க வைக்காதே' என்று எழுதிய நாளில் தூங்கிப்போய் இன்னொரு தடவை சறுக்கினாள். ஆகவே உயிர்த்த ஞாயிறன்று அவள் நின்றது பன்னிரண்டாம் நாளில்.

"பிள்ளை, தவக்காலம் முடிஞ்சுது," என்றாராம் பாதர்.

"உங்களுக்கு முடிஞ்சுது, பாதர்," என்றாளாம்.

அதன்பிறகும் இருபத்தெட்டில் ஒரு முறை, முப்பத்தொன்றில் ஒரு முறை, இடையிடையே இன்னும் பல முறை குப்புற விழுந்து எழும்பினாள். சலூன்காரர் முதல் நகைக்கடை முதலாளி வரை, "எத்தினையாம் நாள்?" என்று கேட்பதே அவளுக்கு வணக்கம் என்றாகிவிட்டது. இலையுதிர் காலத்தில் ஒரு வழியாக முப்பத்தொன்பதைத் தொட்டாள். அன்றைக்குப் பார்த்துத்தான் என் சனியன் அவளைப் பிடித்தது.

என் மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் காத்திருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதென்றால் குடும்பத்துக்கேற்ற வீடு இருப்பதாக அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும். நானோ நான்கு பேரோடு ஓர் அறையில் கிடந்தேன். ஐந்து வீடு பார்த்து ஐந்தும் கைநழுவிய பிறகு, பாரிஸுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் வயதான ஒரு பிரெஞ்சு அம்மா, தான் மேலே இருந்துகொண்டு கீழ்வீட்டை வாடகைக்குக் கொடுப்பதாகத் தகவல் வந்தது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு காய்கறிப் பெயர்களோடு முடிந்துவிடும். லா சப்பலில் மொழிபெயர்ப்பென்றால் பிள்ளைகள்தான். நாப்பதைக் கேட்டேன்.

உள்ளங்கையை விரித்தாள். 'இன்று ஒரு பொய்யும் இல்லை.'

"நாளைக்குப் போவமே, மாமா?"

"நாளைக்கு வேறை ஆக்கள் பார்க்க வருகினமாம், பிள்ளை."

"அப்ப நீங்க பொய் சொல்லாதேங்கோ. மிச்சம் நான் பாக்கிறன்."

ரயிலில் வழி முழுக்கச் சரியென்று தலையாட்டினேன். அந்த அம்மா முக்கியமாகக் கேட்டது ஒரேயொரு கேள்வி. நாப்பது அதைத் தமிழில் சொன்னாள்: "முந்தி இருந்தவை பொரிச்ச புகை மேலை வந்து அவவுக்கு ஒரே இருமலாம். நீங்க மீன் கீன் பொரிப்பீங்களோ எண்டு கேக்கிறா."

வெள்ளிக்கிழமை தவிர ஆறு நாளும் மீன் பொரிக்கிறவன் நான். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கைத்தொலைபேசியில் மட்டுமே பார்த்திருந்த என் மகளின் முகம் குறுக்கே வந்தது.

"பொரிக்கிறேல்லை எண்டு சொல்லு," என்றேன்.

என் சட்டையின் மணம் நாப்பதுக்குத் தெரியாததா? ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, தெளிவாக, நேராகச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தார். வீடு எனக்கு.

ஸ்டேஷனில் எனக்கு வெட்கமாக இருந்தது. வக்கீலாகி வாதாடிப் பார்த்தேன். "பிள்ளை, பொய் சொன்னது நான். நீ அதைப் பிரெஞ்சிலை மாத்தித்தானே சொன்னனீ?"

"நான் அவவின்ர முகத்தைப் பார்த்துச் சொன்னனான், மாமா. அவ நம்பினது என்னைத்தான்."

"அப்ப முதலாம் நாளோ?"

ரயில் வரும்வரை யோசித்தாள். "இல்லை. அந்த வீட்டிலை நீங்க மீன் பொரிக்காட்டி நான் சொன்னது பொய்யில்லை. என்ர முப்பத்தொன்பதாம் நாள் இனி உங்கட கையிலை."

"எவ்வளவு காலத்துக்கு?"

"நீங்க அங்கை இருக்கிற வரைக்கும்," என்றுவிட்டு ஏறி, எனக்கும் இடம் பிடித்து வைத்தாள்.

நாற்பதாம் நாள் சவால், 'பத்து நிமிடம் சும்மா இரு.' அவளுக்கு அதுதான் ஆகக் கஷ்டமான சவால். கடை வாசலில் அரிசி மூட்டைமேல் விரலை நெரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சலூன்காரர் நேரம் பார்த்தார். முடிந்ததும் தெருவே கைதட்டியது, சாப்பாட்டுக் கடைக்காரர் எல்லோருக்கும் ரோல்ஸ் கொடுத்தார். நான் மட்டும் கொஞ்சம் பயத்தோடு கைதட்டினேன்.

மனைவியும் மகளும் வந்து மூன்று வருடமாகிறது. வந்த முதல் வாரமே மனைவி சூடை மீன் வாங்கி மிளகாய்த்தூள் பிரட்டி வைத்தாள். கதையைச் சொன்னேன். "உங்களுக்கென்ன விசரே?" என்றவள், அதைக் குழம்பில் போட்டாள். இப்போது வீட்டுக்கார அம்மா மகனோடு இருக்கப் போய்விட்டார். மேல்வீடு பூட்டிக் கிடக்கிறது. நாப்பது லியோனில் படிக்கிறாள்.

"ஆருக்கு இருமப்போகுது, ஆர் பாக்கப்போகினம்? ஒரு துண்டு பொரிக்கட்டே?" என்று மனைவி சனிக்கிழமை தோறும் கேட்கிறாள்.

யாரும் பார்க்கப்போவதில்லைதான். ஆனால் எட்டு மாதம் விழுந்தெழும்பிச் சேர்த்ததில் ஒரு நாளை அந்தப் பிள்ளை என்னை நம்பித் தந்துவிட்டுப் போயிருக்கிறாள். என் மகள் பக்கத்து அறையில் இருந்து வீட்டுப்பாடம் செய்வது அந்த நாளால்தான்.

"குழம்பே வை," என்கிறேன். மீன் பொரியல் எனக்கு உயிர். நாப்பது அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.