வெட்டுக்குள் இருந்த மண்

உரைகல் அண்ணாச்சியைப் போல எதையும் நம்பாத மனிதர் பூமியில் இன்னொருவர் பிறக்கவில்லை.

நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த வங்கியில் அவர் நகை அப்ரைசர். அடகுக்கு வரும் தங்கத்தைக் கறுப்புக் கல்லில் உரசித் தரம் சொல்லுவார். அதோடு விட்டாரா? பந்தியில் வாழைப்பழத்தை அமுக்கிப் பார்த்து, “மருந்தடிச்சுப் பழுக்க வச்சது” என்பார். மேனேஜர் புது மோதிரம் காட்டியபோது கழற்றி உரசிவிட்டு, “கல்லு நல்ல கல்லு சார், தங்கந்தான் கொஞ்சம் வெக்கப்படுது” என்றார். அதை மருமகனுக்குப் போட்ட மாமனார் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அப்பேர்ப்பட்டவர் பத்து ரூபாய் நாணயத்துக்கு மட்டும் வக்கீல். நம்மூர்க் கடைகளில் ‘ஓடாது’ என்று தள்ளுவதையெல்லாம் சேர்த்துவைத்து, மாதம் ஒருமுறை பஸ் ஏறி, களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குள் போய் சாயா குடித்துத் தீர்த்துவிட்டு வருவார்.

அருமனைப் பக்கம் நூறு நாள் வேலையில் குளம் தூர்வாரிய ஸ்டெல்லாவின் மண்வெட்டியில் ஒரு கலயம் தட்டியது. உள்ளே மண்ணோடு மண்ணாக, சுண்டுவிரல் நகத்தளவில், ராஜா காலத்துத் தங்கக் காசுகள். அவளே கொண்டுபோய் கிராம அலுவலகத்தில் ஒப்படைத்தாள். அங்கேதான் வினை. பாதிக் காசுகள் தேய்ந்திருந்தன. பலவற்றின் ஓரத்தில் வெட்டு. “இவதான் வெட்டிச் சொரண்டியிருக்கா” என்றார் ஓர் அதிகாரி. போலீஸ் வழக்கு எழுதத் தயாரானது. தரம் பார்க்க அண்ணாச்சியை அழைத்தார்கள். வங்கி சார்பில் நானும் போனேன்.

ஸ்டெல்லா அழுதுகொண்டிருந்தாள்.

“பிள்ளே, நீ எடுத்தியா?”

“எனக்க பிள்ளையள் மேல ஆண, நான் எடுக்கல்ல அண்ணாச்சி.”

“சரி, கண்ணத் தொடச்சிட்டு இரி.”

லென்சைக் கண்ணில் இடுக்கினார். ஒவ்வொரு காசாகப் புரட்டினார். அதிகாரி இரண்டு முறை கொட்டாவி விட்டார்.

“சார், இந்த வெட்டுக்குள்ள பாருங்க. கலயத்து மண்ணு கல்லாட்டு இறுகிக் கெடக்கு. நேத்து வெட்டினா இது எப்பிடிக் கேறும்? பொதைக்கியதுக்கு முன்னயே வெட்டினது.”

“அப்போ யார் வெட்டினது?”

“வியாபாரி. இந்தக் காசுகள்ல ரெண்டு ராஜாக்களுக்க முத்திரை உண்டு. ஒருத்தருக்க காசு மத்தவருக்க சந்தைக்குப் போயிருக்கு. அங்க உள்ளவன் உள்ளயும் தங்கந்தானான்னு வெட்டிப் பாத்துட்டு வாங்கியிருக்கான். பொறவு கை மாறி மாறித் தேஞ்சிருக்கு. ஊர் ஊரா ஓடின காசு சார் இது!”

பிறகு சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து மேஜையில் வைத்தார். “இது ஓடுமா சார்?”

“இங்க எவன் வாங்குவான்?” என்று அதிகாரி வாயை விட்டுவிட்டார்.

“களியக்காவிளை தாண்டினா வாங்குவான். அன்னைக்கும் இதே கததான்.”

முதலில் சிரித்தவர் வழக்கு எழுத வந்திருந்த இன்ஸ்பெக்டர். எழுதிய காகிதத்தை நாலாகக் கிழித்தார். வாசலில் காத்திருந்த குளத்து வேலைக்காரப் பெண்கள் போட்ட குரவை கடைத்தெரு வரை கேட்டது. டீக்கடைக்காரர் அண்ணாச்சியின் பத்து ரூபாய் நாணயத்தை வாங்கிக் கல்லாவில் போட்டார். அருமனை வரலாற்றிலேயே அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். “வெட்டுல மண்ணு இல்லாம இருந்திருந்தா அண்ணாச்சி?”

“வேற எதையாவது தேடியிருப்பேன்.”

“அப்போ அவ எடுக்கல்லன்னு மொதல்லயே நம்பிட்டியளா?”

“கலயத்தோட கொண்டு குடுத்தவள எதுக்குலே உரசணும்?”

வாழைப்பழத்தைக்கூட நம்பாத மனிதர். அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான்.