முருகன் கணக்கில் இருபது கட்டு

திருப்பூரில் பத்து என்ற எண்ணை மதிக்காத ஒரே மனிதர் எங்கள் டஜன்காரர்தான். பனியன் ஊரில் எல்லாருமே டஜனில் பேசுகிறவர்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கம்பெனி கேட்டைத் தாண்டியதும் அவர்கள் மற்றவர்களைப் போல ஆகிவிடுவார்கள். இவர் கடைசிவரை ஆகவில்லை.

வயசு கேட்டால் “நாலு டஜனும் நாலு பீசுமுங்க” என்பார். பிள்ளைகள் எத்தனை என்றால் “கால் டஜன்.” ஒருமுறை காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போனவர், அட்டையில் பத்துதான் இருக்கிறது என்று கண்டு, “ரெண்டு பீஸ் ஷார்டேஜுங்க” என்று மருந்துக்கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார். மாத்திரைக் கம்பெனியே பத்துதான் போடுகிறது என்று அந்த மனிதர் மன்றாடியிருக்கிறார். “கம்பெனி ஏமாத்துனா நீங்க செக்கிங் பண்ணி வாங்க வேண்டாமுங்களா?” என்று கேட்டுவிட்டு, காய்ச்சலோடு அடுத்த கடைக்குப் போனாராம்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் அந்த ஊரில் ஒரு வங்கிக் கிளையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் நான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. டஜன்காரர் எங்கள் கிளைக்கு இரண்டு தெரு தள்ளி, எட்டுப் பெண்களை வைத்து டி-ஷர்ட்டுகளுக்குக் காஜாத் துளை போட்டுப் பட்டன் தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட் நடத்தினார். ஊருக்கெல்லாம் பட்டன் தைக்கிற அவர் சட்டையில் மேல் பட்டன் மட்டும் என்றைக்கும் இருந்ததில்லை.

“ஏன் ஐயா, எல்லாத்தையும் டஜனாவே சொல்லுதீங்க?” என்று ஒருநாள் கேட்டேன். பாஸ்புக்கை மார்பில் அணைத்துக்கொண்டு, கோயில் வாசலில் நிற்பவர் மாதிரி நின்றார்.

“நம்ம முருகனுக்குக் கை எத்தனீங் கண்ணு?”

“பன்னிரண்டு.”

“ராவணனுக்குத் தலை?”

“பத்து.”

“அவ்வளவுதானுங்க விஷயம். நீங்க எந்தக் கட்சின்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.”

அன்றிலிருந்து எங்கள் கிளையில் பன்னிரண்டு முருகன் கணக்கு, பத்து ராவணன் கணக்கு. வங்கி முழுக்க ராவணன் கட்சி என்பதில் அவருக்கு வருத்தம் உண்டு. இருந்தாலும் திங்கட்கிழமை தவறாமல் வந்து பணம் கட்டுவார்.

அப்படி ஒரு திங்கட்கிழமைதான் என் தலையில் கல் விழுந்தது. கேஷியர் லீவு. அதுவரை பாஸ்புக் வரவு எழுதிக்கொண்டிருந்த என்னைக் கேஷ் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். கரண்ட் இல்லை. இருந்த ஒரே நோட்டு எண்ணும் மிஷின் துணி போர்த்திக்கொண்டு தூங்கியது. வரிசையோ சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி நின்றது. டஜன்காரர் பனியன் துணிக் கிழிசலில் கட்டிய மூட்டையை நீட்டினார்.

“நூறு ரூபா நோட்டுங் கண்ணு. இருபது கட்டு. சலானை நீங்களே எழுதிருங்க.”

கட்டுக்கட்டாக, கடைசி நோட்டை மற்றவற்றின் மேல் குறுக்கே மடித்திருந்தார். கடைவீதியில் எல்லாரும் பத்து நோட்டுக்கு ஒரு மடிப்பு வைப்பது வழக்கம். இருபது கட்டு என்றால் இருபதாயிரம். ஒவ்வொரு நோட்டாக எண்ணியிருக்க வேண்டும், அதுதான் என் வேலை. பின்னாலிருந்து நாலு பேர் “ஏனுங்க, சீக்கிரமுங்க” என்று குரல் கொடுக்க, நான் கட்டுகளை மட்டும் எண்ணினேன். சலானில் இருபதாயிரம் என்று எழுதி நீட்டினேன். அவர் அதைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். முருகன் பக்தர் முருகன் கணக்கில்தான் கட்டியிருப்பார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

சாயங்காலம் கல்லாவில் நாலாயிரம் கூடுதலாக இருந்தது. பணம் கூடினால் சந்தோஷப்படுவது மற்றவர்கள். வங்கியில் வேர்க்கும்.

எங்கள் மேனேஜர் விதிப்புத்தகத்தைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: “குறைஞ்சா உன் பணம் போகும். கூடினா உன் வேலை போகும். யார் பணமோ அந்த ஆள் எழுத்துல புகார் கொடுக்கணும். புகார் வந்தா நான் மேலிடத்துக்கு அனுப்பணும். அடுத்த மாசம்தானே உனக்கு நிரந்தரம்?”

ஊரில் அப்பாவின் மருந்துச் செலவும் தங்கையின் படிப்பும் என் சம்பளத்தில் ஓடின.

புதன்கிழமை டஜன்காரர் பாஸ்புக்கோடு வந்தார். வரவைப் பார்த்தார். உதடு அசைந்தது.

“ஏனுங் கண்ணு, நாங் குடுத்தது இருபது கட்டு. இதுல பதினாறு டஜனும் எட்டுப் பீசுந்தானே ஏறியிருக்குது? மூணு டஜனும் நாலு பீசும் ஷார்டேஜுங்களே!”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “கட்டுக்குப் பன்னிரண்டாய்யா வச்சிருந்தீங்க?”

“பின்னே? எந்தக் கட்சின்னு தெரியாதுங்களா?”

மேனேஜர் அவரை அறைக்குள் அழைத்து உட்காரவைத்து, வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார். கதவு திறந்துதான் இருந்தது. எல்லாமே எனக்குக் கேட்டது.

“பணம் பத்திரமா இருக்கு. ஒரு புகார் எழுதிக் குடுங்க, வரவு வெச்சுடறேன்.”

“புகார்னா யார் மேலீங்க?”

“கேஷியர் மேல.”

“எழுதுனா அந்தப் புள்ளைக்கு என்னாகுமுங்க?”

மேனேஜர் பொய் சொல்லத் தெரியாதவர். “வேலை நிரந்தரம் தள்ளிப்போகும். போகாமலும் இருக்கலாம். வேலையே போனாலும் போகலாம்.”

தாள் மேசைமேல் திரும்ப வைக்கப்படும் சத்தம் கேட்டது. “அப்ப எனக்கு ஒண்ணும் கொறையலீங்க. நான் வாரனுங்க.”

“ஐயா, உங்க பணம் நாலாயிரம் எங்ககிட்ட இருக்குது!”

“இருக்கட்டுமுங்க. பேங்க்குல பணம் இருந்தா நல்லதுதானுங்களே.”

வாடிக்கையாளர் பணம் கேட்டு வங்கியைத் துரத்துவதைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. அந்த வாரம் எங்கள் மேனேஜர் பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு வாடிக்கையாளரைத் துரத்தினார். டீக்கடையில் மடக்கினார். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நழுவினார். வியாழக்கிழமை மேனேஜர் யூனிட்டுக்கே போனார். “அண்ணன் சென்னிமலை முருகன் கோயிலுக்குப் போயிட்டாருங்க” என்றார்கள். துணி மூட்டைகளுக்குப் பின்னால் பட்டன் இல்லாத ஒரு சட்டை தெரிந்ததாக மேனேஜர் சத்தியம் செய்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே போனேன். மறுநாள் சனிக்கிழமை, கூலி போடுகிற நாள். அந்த நாலாயிரம் எட்டுப் பெண்களின் கூலியில் சேர்ந்தது என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. மிஷின்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. என்னை ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்காரவைத்தார்.

“ஐயா, எழுதிக் குடுத்திருங்க. தப்பு என்னோடது. எண்ணாம வாங்கினது நான்தான். உங்க பணத்துல என் வேலைய வச்சுக்கிட்டு நான் எப்படிய்யா சாப்புடுவேன்?”

அவர் ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக் காட்டினார். பட்டன் ஒன்று கோணலாக இருந்தது.

“இங்க ஒரு புள்ள பட்டனைக் கோணலாத் தெச்சா, நான் அதையப் பிரிச்சு மறுக்காத் தெக்கச் சொல்லுவனுங்க. கம்பெனிக்குக் கடுதாசி போட்டு அந்தப் புள்ளையக் காட்டிக் குடுக்க மாட்டனுங்க.”

“நாளைக்குக் கூலிக்கு?”

“ஊட்டுக்காரிகிட்ட வளையல் இருக்குதுங்க.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஒரு டஜன் இல்லீங்க, ரெண்டே ரெண்டுதான்.”

என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. “அந்த வளையல் அடகுக்குப் போச்சுன்னா, நான் நாளைக்குக் காலையில ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போயிருவேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீம்பில் நானும் சளைத்தவளில்லை.

சனிக்கிழமை வங்கி திறக்கும்போதே வாசலில் நின்றார். பட்டன் அட்டையின் முதுகில் பென்சிலால் எழுதிய கடிதத்தை மேனேஜரிடம் கொடுத்தார்:

‘மேனேஜர் ஐயாவுக்கு. திங்கட்கிழமை நான் கட்டுக்குப் பன்னிரண்டு நோட்டு வைத்தேன். ஊரே பத்து வைக்கும் என்று தெரிந்தும் சொல்லாமல் கொடுத்தேன். பிள்ளை வெளியூர். இது தெரியாது. சலானைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதும் நான்தான். பேங்க் என்னை மன்னித்து மீதியை வரவு வைக்கவும்.’

மேனேஜர் மூன்று முறை படித்தார். விதிப்புத்தகத்தைப் புரட்டினார். வாடிக்கையாளர் வங்கியிடம் மன்னிப்புக் கேட்டால் என்ன செய்வது என்று அதில் ஒரு பக்கமும் இல்லை.

“இது புகார் இல்லையே” என்றார் மெதுவாக. “புகார் இல்லைன்னா மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியதும் இல்லை.” என்னைப் பார்த்து, “வரவு வை. இனிமேல் கடவுளே வந்து கட்டினாலும் எண்ணி வாங்கு” என்றார். பத்தே நிமிஷத்தில் டஜன்காரர் கூலிப் பணத்தை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாயிற்று.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் என் கவுண்டருக்கு மட்டும் பத்துப் பத்தாகக் கட்டி வந்தார். விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு நீட்டுவார். “உங்களுக்கோசரம் கட்சி மாறிட்டனுங் கண்ணு. முருகன்கிட்டச் சொல்லீராதீங்க.”

மூன்று வருஷம் கழித்து, பிரசவத்துக்காக மாற்றல் வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். கடைசி நாள் டஜன்காரர் வந்தார். பனியன் துணிக் கிழிசலில் கட்டிய ஒரு சின்ன மூட்டையைக் கவுண்டர் வழியாகத் தள்ளினார். பிறக்கப்போகிற பிள்ளைக்குக் குட்டிக் குட்டிப் பனியன்கள். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை, வரிசையைப் பார்த்துப் பேசினார்.

“உங்க கணக்குலதானுங் கண்ணு கட்டியிருக்கறேன். பத்துப் பீசு. ஊட்டுக்குப் போய் எண்ணிக்கங்க.”

எண்ணாமல் வாங்கி ஒருமுறை பட்டவள் நான். ஊருக்குப் போனதும் கட்டைப் பிரித்துக் கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றாக எண்ணினேன். பன்னிரண்டு இருந்தது.

கூடுதலாக வந்த அந்த இரண்டை மட்டும் நான் எந்த மேனேஜரிடமும் சொல்லவில்லை.