விளாம்புரியின் வாரக் கணக்கு

உலகப் படம் வரைந்தவர்கள் தாளில் இடம் போதாமல் விட்டுவிட்ட நாடுகள் சில உண்டு. விளாம்புரி அவற்றில் ஒன்று. ஒன்பதாயிரம் குடிகள், ஒரு மன்னர், பதினேழு அமைச்சர்கள், எண்ணி மாளாத சுற்றறிக்கைகள். மழை பெய்தது, நெல் விளைந்தது, ஆடுகள் குட்டி போட்டன. இவ்வளவும் இருந்த நாடு எப்படிப் பட்டினி கிடந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கோபப்படாமல் சொல்ல முயல்கிறேன்.

விளாம்புரியை நிறுவியவர்கள் பக்கம் பக்கமாகச் சட்டம் எழுதவில்லை. ஒரு வாசல் கட்டினார்கள். பேரவை மண்டபத்துக்குள் போகும் கருங்கல் வாசல், அகலம் ஒன்றரை முழம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மன்னர் அதன் வழியே நேராக நடந்து உள்ளே போக வேண்டும், பக்கவாட்டில் திரும்பக் கூடாது. அதன்பின் வெளியே மைதானத்தில் கூடியிருக்கும் குடிகள் கை உயர்த்த வேண்டும். வாசல் தடுத்தாலும் அரியணை காலி, பாதிப் பேராவது கை உயர்த்தாவிட்டாலும் அரியணை காலி. ஆள்கிறவன் ஊர்ச் சோற்றைத் தின்று பெருத்துவிடக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். நல்ல மனிதர்கள். அமைச்சர்களைப் பற்றி யோசிக்க மறந்துவிட்டார்கள்.

மன்னர் இளங்கொற்றனார் முதல் முறை அந்த வாசலைத் துள்ளிக்கொண்டு கடந்தார். இரண்டாம் முறை இடைக்கச்சையைக் கழற்றிவிட்டுக் கடந்தார். மூன்றாம் முறை வாசலின் இரு பக்கமும் நெய் தடவி, பின்னாலிருந்து நான்கு தளபதிகள் தள்ளினார்கள். “வாசல் மன்னரை ஆரத் தழுவி அனுப்பியது” என்று அரசவை வரலாற்றாசிரியர் எழுதி வைத்தார். நான்காம் முறைக்கு ஆறு மாதம் இருக்கும்போது பேரமைச்சர் வல்லபர் ஒரு கயிற்றால் மன்னரின் இடுப்பை அளந்து பார்த்தார். கயிறு போதவில்லை. வைத்தியர் மருதவல்லிக்கு ஆள் அனுப்பினார்.

மருதவல்லி சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். மன்னரின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ராசா, உங்களுக்கு வாரத்துக்குப் பதினாலாயிரம் கலோரி. ஏழு நாளும் ஒரே மாதிரி சாப்பிடணும்னு இல்ல. வெள்ளிக்கிழமை விருந்துக்குப் போறீங்களா, மத்த நாள்ல நாளுக்கு ஒரு தோசை குறைச்சுக்குங்க. வாரக் கணக்கு சரியா இருந்தாப் போதும். ஆனா பட்டினி மட்டும் கிடந்துறாதீங்க. இன்னிக்கிப் பட்டினி கிடந்தா நாளைக்கு ரெண்டு பங்கு இழுத்துரும்.”

நல்ல யோசனை. என் வீட்டில் யாராவது இளைக்க வேண்டுமென்றால் நானும் இதைத்தான் சொல்வேன். ஆனால் அரண்மனை எழுத்தர் ‘வாரக் கணக்கு சரியாக இருந்தால் போதும்’ என்ற வரியை மட்டும் எழுதிக்கொண்டு, மற்றதைக் குறிப்பிடத் தகாதது என்று விட்டுவிட்டார்.

அமைச்சரவை கூடியது. மன்னர் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழக்கம்போல் உண்பார், திங்கள் முதல் வியாழன் வரை கூழ் குடிப்பார் என்று ஒருமனதாகத் தீர்மானமானது. அந்த மூன்று நாளிலேயே மன்னர் இருபத்தேழாயிரம் கலோரியை முடித்துவிட்டார். திங்கள் காலை பத்து மணிக்கு வெள்ளிக் கிண்ணத்தில் கூழ் வந்தது. மன்னர் அதைப் பார்த்தார். கூழும் மன்னரைப் பார்த்தது.

“தலை சுற்றுகிறது, வல்லபரே,” என்றார் மன்னர். “நாட்டின் தலைமைக்கே தலை சுற்றினால் நாடு என்ன ஆகும்?”

வல்லபர் கண்ணை மூடிச் சிந்தித்தார். அவர் கண்ணை மூடினால் யாருக்காவது கேடு வரும் என்பது விளாம்புரியில் எல்லோருக்கும் தெரியும்.

“மன்னா, தாங்கள் தலை, குடிகள் உடல். தலை உண்டதை உடல்தானே செரிக்கிறது? ஆகவே தலை வார இறுதியில் உண்ணட்டும், உடல் வார நாட்களில் உண்ணாமல் இருக்கட்டும். வாரக் கணக்கு சரியாகிவிடும்.”

“ஐயோ, ஒருத்தர் தின்னதுக்கு இன்னொருத்தர் பட்டினி கிடந்தா எப்படிய்யா இளைக்கும்?” என்று மருதவல்லி கத்தினார். அவருக்குப் பொன்னாடை போர்த்தி, நாட்டுக்கு ஆற்றிய தொண்டைப் பாராட்டி, எல்லையிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கு மாற்றினார்கள்.

மறுநாள் அடுப்புக் கண்காணிப்பாளர்கள் என்று ஒரு புதுப்படை தெருவில் இறங்கியது. கையில் குழைத்த களிமண். வீடு வீடாகப் போய் அடுப்பை மண் வைத்து மூடி அரசு முத்திரை குத்தினார்கள். வெள்ளிக்கிழமை காலை வந்து உடைப்பார்கள். இடையில் மதியத்துக்கு ஆளுக்கு ஒரு கலயம் கஞ்சியைத் தெருமுனையில் ஊற்றினார்கள். கஞ்சி என்று சொன்னது மரியாதைக்கு.

மன்னரின் பல்லக்குத் தூக்கிகளில் ஒருவன் கொளஞ்சி. பன்னிரண்டு வருடமாகத் தூக்குகிறவன். அவன் மனைவி அஞ்சலைக்கு மூன்று மாதப் பெண் குழந்தை. அடுப்பு மூடிய மூன்றாம் வாரமே அஞ்சலைக்குப் பால் வற்றத் தொடங்கியது. குழந்தை சப்பிப் பார்க்கும், வராது, வீறிட்டு அழும். பிறகு அழவும் தெம்பில்லாமல் முனகும். அஞ்சலை அந்த முனகலோடு கண்காணிப்பு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள்.

“ஐயா, எனக்கு வேணாங்க. பால் குடிக்கிற புள்ளைக்காவ ஒரு வேளை மட்டும் உலை வெச்சுக்கறங்க.”

அலுவலர் நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. “குழந்தையும் இந்நாட்டுக் குடிதானே, அம்மா? நாட்டுக்காக இளைக்கும் பேறு அதற்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்?” என்று கேட்டு மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருக்கட்டும், மேலே சொல்கிறேன்.

மாதக் கடைசியில் முரசறைந்து அறிவித்தார்கள்: “மன்னரும் குடிகளுமாகச் சேர்ந்து நாம் தலைக்கு ஏழு ராத்தல் இளைத்திருக்கிறோம்!” கணக்கில் பிழையில்லை. குடிகள் ஏழெட்டு ராத்தல் இளைத்திருந்தார்கள், மன்னர் முப்பது ராத்தல் கூடியிருந்தார். ஒன்பதாயிரம் பேரோடு சேர்த்து வகுத்தால் அந்த முப்பது எங்கே தெரியப்போகிறது? ஆனால் கொளஞ்சியின் தோளுக்கு வகுக்கத் தெரியாது. பல்லக்கை இறக்கும்போது வாயை அடக்க முடியாமல் வல்லபரிடம் சொல்லிவிட்டான்.

“சாமி, தப்பா நெனச்சுக்காதீங்க. ராசா எடை கூடியிருக்குதுங்க.”

“உன் தோள் அரசு முத்திரை பெற்ற தராசா?”

“இல்லிங்க.”

“பின் எந்த அதிகாரத்தில் அது எடை போடுகிறது?”

கொளஞ்சியின் தோள் மீது விசாரணை நடந்தது. அவதூறு பரப்பும் தோள் என்று தீர்ப்பானது. அரை வேளைக் கஞ்சி பிடித்தம். பல்லக்குக்கு நான்கு பேர் போதாமல் எட்டு பேரை அமர்த்தினார்கள், பிறகு பன்னிரண்டு பேர். வேலைவாய்ப்பு மும்மடங்காகிவிட்டதாக அதற்கும் முரசறைந்தார்கள்.

இளைத்த வெற்றியைக் கொண்டாட அரண்மனையில் விருந்து. ஒரு விருந்து கூடினால் ஒரு நாள் குறைய வேண்டும் அல்லவா, அதனால் வெள்ளிக்கிழமையும் அடுப்பு மூடப்பட்டது. அந்தத் தியாகத்தைப் பாராட்டி இன்னொரு விருந்து நடந்தது, சனிக்கிழமையும் போயிற்று. மிஞ்சியது ஞாயிறு. ஆறு நாள் பசியோடு ஞாயிற்றுக்கிழமை சோற்றைக் கண்டவர்கள் அள்ளி அள்ளித் தின்று வாந்தி எடுத்தார்கள். “பாருங்கள், இந்த மக்களுக்குக் கட்டுப்பாடு என்பதே கிடையாது,” என்று அமைச்சர்கள் ஏப்பம் விட்டபடி வருந்தினார்கள்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சி குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு எல்லை வரை நடந்தான். மருதவல்லி ஒரு எருமையின் வாயைத் திறந்து பல் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் கையைத் தொட்டுப் பார்த்தவர் முகம் இறுகிவிட்டது.

“இதுக்கு நோவு ஒண்ணும் இல்லப்பா. அஞ்சலைக்குச் சோறு போடு. தெனமும் போடு. அதான் மருந்து.”

“அடுப்ப மூடிட்டாங்களேம்மா. நீங்க சொன்ன கணக்குன்னுதான் சொல்றாங்க.”

“நான் ஒரு ஆளுக்குச் சொன்னேன்யா! ஒரே ஆளோட ஏழு நாளுக்கு! நாட்டையே ஒரு வயிறாக்கிட்டு, வாயை மட்டும் அவனுங்க வெச்சுக்கிட்டானுங்க. நான் என்ன செய்ய?” சொல்லிவிட்டு ஒரு செம்பு எருமைப் பால் கொடுத்தார். தண்ணீர் கலந்து சங்கில் ஊற்றச் சொன்னார். “இது ரெண்டு நாளைக்கு. தாய்ப்பால் வரலைன்னா இது தாங்காது, சொல்லிட்டேன்.”

திரும்பும் வழியில் கொளஞ்சி ஒரு முடிவுக்கு வந்திருந்தான். வாசல் நாளுக்கு எட்டு நாள்தான் இருந்தது. அன்று பாதிக் கைகள் உயராவிட்டால் அரியணை காலி, அரியணை காலியானால் களிமண்ணும் காலி. பன்னிரண்டு தூக்கிகளும் தெருத் தெருவாகப் பேசினார்கள். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பசித்தவர்களைச் சம்மதிக்க வைக்க அதிகம் பேச வேண்டியதில்லை.

வாசல் நாளும் வந்தது. மன்னரைப் பல்லக்கிலிருந்து இறக்கி வாசல்முன் நிறுத்தினார்கள். வாசல் மறைந்துவிட்டது. நெய்க் குடத்தோடு தளபதிகள் முன்னே வர, வல்லபர் கையமர்த்தி ஓலையை விரித்தார்.

“மன்னரும் குடிகளும் ஓருடல் என்பது சட்டம். அனைவர் இடுப்பையும் அளந்து, மன்னரின் இடுப்பையும் சேர்த்து வகுத்ததில், நாட்டின் சராசரி இடுப்பு இவ்வாசலைவிடச் சிறியது எனத் தெளிவாகிறது. ஆகவே மன்னர் சராசரியாக வாசலைக் கடந்துவிட்டார்!”

மன்னர் நின்ற இடத்திலேயே நின்று கையசைத்தார். கொளஞ்சி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான். அவனைப் பார்த்து அடுத்தவன் கட்டிக்கொண்டான். மைதானம் முழுக்க அப்படியே நின்றது. வல்லபர் கண்ணை மூடினார்.

“கை உயர்த்துவது மாலைதான். அதற்கென்ன அவசரம்? முதலில் சாப்பிடுங்கள்.”

மைதானத்தின் மூலையில் திரையை விலக்கினார்கள். முப்பது அண்டா. மூடியைத் தூக்கியதும் சீரகச் சம்பா பிரியாணியின் மணம் ஒன்பதாயிரம் பேரின் மூக்கிலும் ஒரே நேரத்தில் ஏறியது. ஆளுக்கொரு இலை, ஆட்டுக்கறி பிரியாணி, ரெண்டு முட்டை, கத்திரிக்காய் தொக்கு, கேட்டவர்க்கெல்லாம் மறுசோறு. அதுவரை யாரிடமும் இல்லாத கனிவோடு அமைச்சர்களும் அலுவலர்களுமே வேட்டியை மடித்துக் கட்டிப் பரிமாறினார்கள். “வெட்கப்படாமல் சாப்பிடும்மா, கைக்குழந்தைக்காரி,” என்று அஞ்சலையின் இலையில் பெரிய எலும்பாகப் பார்த்துப் போட்டவர், அவள் மனுவைத் திருப்பிக் கொடுத்த அதே அலுவலர்.

கொளஞ்சியும் சாப்பிட்டான். சாப்பிடாமல் இருந்திருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் ஆறு மாதம் அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு வந்து சொல்லட்டும்.

மாலை முரசு ஒலித்தது. கைகள் உயரவில்லை. ஒன்று, இரண்டு, அங்கங்கே சில. கொளஞ்சி கையைக் கட்டியபடி பக்கத்தில் திரும்பினான். அஞ்சலையின் மடியில் குழந்தை கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தது. மடக் மடக்கென்ற சத்தம் அவன் காதில் விழுந்தது. வாரக்கணக்காக அவன் கேட்காத சத்தம். குழந்தையின் கடைவாயில் பால் வழிந்தது. அஞ்சலை மெல்லத் தன் வலது கையை உயர்த்தினாள்.

“ஏய், என்னடி பண்ற? எறக்கு கைய!”

“பால் வந்திருச்சுய்யா. இன்னிக்கிதான் புள்ள வயிறு நெறஞ்சிருக்கு,” என்றாள் அஞ்சலை. அவள் கண்ணில் நீர் வழிந்தது. “சோறு போட்டாங்கல்ல. இனிமேயும் போடுவாங்கய்யா. போட மாட்டாங்களா?”

கொளஞ்சிக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால் குழந்தை இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. அவன் கட்டியிருந்த கை தளர்ந்தது, அது உயர்வதை அவனே பார்த்தான். அவனைப் பார்த்து அடுத்தவன் உயர்த்தினான். எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அடுப்புக் கண்காணிப்பாளர் அஞ்சலை வீட்டு வாசலில் நின்றார். கையில் பெரிய சட்டி நிறையக் களிமண்.

“நேத்து பிரியாணி சாப்ட்டீங்கல்ல?”

“சாப்ட்டங்க,” என்றாள் அஞ்சலை.

“மறுசோறு?”

“அதுவும் வாங்கனங்க.”

அவர் புதுச் சுற்றறிக்கையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டார். வாரக் கணக்கை எடுத்துவிட்டிருந்தார்கள். இனி ஐந்தாண்டுக் கணக்கு.

“அப்ப சரியாப் போச்சும்மா,” என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து அடுப்பை மூட ஆரம்பித்தார்.