இலைச் சத்தத்துக்கு எதிர்ப்பக்கம்

பிள்ளைகளே, யாராவது கூப்பிட்டு என் காதில் விழாவிட்டால் உங்கள் அம்மா, "இலைய எடுத்துக்கினு வரட்டுமா?" என்பாள். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். எதற்கென்று தெரிந்துகொண்டாவது சிரியுங்கள். (அவள் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.)

ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நான் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிறவன், புது மாப்பிள்ளை. பெண்ணும் மாப்பிள்ளையும் கல்வராயன் மலை அம்மன் கோவிலில் ஜோடியாகத் தேங்காய் உடைக்க வேண்டும் என்பது உங்கள் அம்மா வீட்டு வேண்டுதல். என் மாமனாரோடு விழுப்புரம் வழியாக மலையடிவாரம் போய்ச் சேர்ந்தோம். அதற்கு மேல் காட்டு வழி. வழிகாட்ட வெள்ளையன் என்ற மலைக்காரர் வந்தார். அவருக்கு என் வயதுதான், தோள் மட்டும் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு.

புறப்படும் முன் ஓர் இலையைச் சுருட்டி உதட்டில் வைத்து ஊதினார். காடே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம்.

"யாருனா வழி தப்பிட்டா இந்தச் சத்தம் கேக்கற பக்கமா வந்துடுங்க."

உங்கள் அம்மா கைகொட்டிச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அப்படி ஒரு சிரிப்பு கிடைத்ததில்லை.

பிறகு வழியெல்லாம், "அண்ணே, இது இன்னா மரம்? அண்ணே, அது இன்னா பறவை?" என்று ஒரே கேள்வி.

"அது காக்கா" என்றேன் குறுக்கே.

"காக்காவுக்கு இம்மாம் நீள வாலா?"

மாமனார் இரக்கப்பட்டார். "மாப்ள, மூச்சு வாங்குதே, செத்த குந்துங்க."

"எனக்கா? பனமலைய ஒரே ஓட்டமா ஏறினவன் மாமா நான்!" (பனமலை ஏறுவதற்குள் வாயிலிருக்கும் வெற்றிலைகூடத் தீராது. மாமனாருக்கு ஊரே பனமலை.)

ஒரு சுனையருகே உட்கார்ந்தபோது வெள்ளையன் உங்கள் அம்மாவுக்கு இலை சுருட்டக் காட்டிக்கொடுத்தார். அவள் ஊதினாள், காற்றுதான் வந்தது. அதற்கும் இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. தேங்காய்ப் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் முன்னால போறேன்" என்று விறுவிறுவென நடந்துவிட்டேன்.

சிறிது நேரத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் மூங்கில். அப்போது கேட்டது இலைச் சத்தம். நிம்மதியாக இருந்தது என்று எழுத ஆசைதான். வந்ததோ கோபம். 'இவன் ஊதினா நான் ஓடி வரணுமா? நான் இன்னா இவன் வளர்த்த நாயா?' சத்தத்துக்கு எதிர்ப்பக்கம் நடந்தேன். அது கிட்டே வரவர நான் தள்ளிப் போனேன். உண்ணிச்செடி முள் வேட்டியில் பாதியை வாங்கிக்கொண்டது. ஒரு சரிவில் உட்கார்ந்தபடியே இறங்கினேன். (இறங்க நினைக்கவில்லை.)

பொழுது சாயும் நேரத்தில் சத்தம் உடையத் தொடங்கியது. பாதி காற்று, பாதி விசும்பல். 'வெள்ளையன் ஐயாவுக்கே மூச்சு வாங்குது!' எனக்கு அத்தனை சந்தோஷம். அந்தக் கோலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றே சத்தம் வந்த பக்கம் போனேன்.

பாறைமேல் உங்கள் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடி நிறையக் கிழிந்த இலை. உதடு வீங்கியிருந்தது. கண்ணெல்லாம் தண்ணீர்.

"அண்ணனும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் தேடிக்கினு போயிட்டாங்க. எப்பிடியோ சத்தம் வந்துடிச்சி, மத்தியானம் புடிச்சி நாந்தான் ஊதிக்கினே சுத்திக்கினு கீறேன். காது கேக்கலியா உங்களுக்கு?"

"கேட்டுது... நான் அவருன்னு நெனச்சி..."

"அவருன்னு நெனச்சா?"

என் முகத்தையும் கிழிந்த வேட்டியையும் மாறிமாறிப் பார்த்தாள். அழுத கண்ணோடு சிரிக்க ஆரம்பித்தாள். காலையில் அவருக்குக் கிடைத்த அதே சிரிப்பு. நான் ஆசைப்பட்ட விதத்தில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

தேடப் போன இருவரும் திரும்பி வந்து சேர, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தட்டுத்தடுமாறிக் கோவிலுக்குப் போனோம். பையைத் திறந்தால், தேங்காய் நான் விழுந்தபோதே உடைந்திருந்தது. பூசாரி, "ஜோடியா ஒடைங்கன்னா, மாப்ள ஒண்டியா ஒடைச்சிக்கினு வந்துட்டாரே!" என்றார். சன்னதியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, "இதையாவது சேந்து அறுங்க" என்றார். ஒரே கத்தியை இருவரும் பிடித்து அறுத்தோம். வெள்ளையன்தான் முதலில் கைகொட்டினார்.

ஊர் திரும்பிய மறுநாள், மண்டியில் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, பின்கட்டிலிருந்த பூவரச மரத்தில் ஓர் இலை பறித்துச் சுருட்டி ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது.

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இன்னோர் இலை பறித்தேன்.